தலைவர் படத்துக்கு அடியில வண்டி நம்பரு

பௌசியாவோட பொறுமைய நெனச்சாலே எனக்கு எரிச்சலா வரும். அருப்புக்கோட்டையில என் ஜெராக்ஸ் கடை மூலையில மேசை போட்டு, வெப்சைட் செஞ்சு குடுக்கறதுதான் அவ பொழப்பு. ஒரு பக்கத்த முடிச்சா, கடைக்கு வர்றவுக கையில போனக் குடுத்து, "இதுல நம்பரு எங்கருக்கு, பாத்துச் சொல்லுங்க"ம்பா. அப்புறம் வாயத் தொறக்காம, அவுக விரலு எங்க தடுமாறுதுன்னே பாத்துக்கிட்டிருப்பா. தடுமாறுனா தன்னைத்தான் திட்டிக்குவா, கிறுக்கி.

அவகிட்டப் போயி வந்து சேந்தாரு ஜெகதீஸ்வரன். திருச்சுழிப் பக்கம் நாலஞ்சு ஊரு சேந்து வசூல் போட்டு இலவச ஆம்புலன்ஸ் வாங்கியிருந்தாக. அந்தச் சங்கத்துக்கு இவருதான் தலைவரு. பௌசியா செஞ்ச பக்கத்துல பெருசா ஒரே பட்டன், 'வண்டி வேணும்'னு. தொட்டா டிரைவர் தங்கபாண்டிக்குப் போன் போகும். அம்புட்டுதான்.

"என்னம்மா இது, எழவு வீடு மாதிரி வெறிச்சுன்னு கெடக்கு? தாய்மாமன் பேரு இல்லாமக் கல்யாணப் பத்திரிக அடிப்பியா? நிர்வாகிக போட்டோ எங்க? அதுக்குக் கீழ அவுகவுக நம்பரு எங்க?"

"அண்ணே, உசுருக்குப் போராடுறப்ப யாரு மூஞ்சியத் தேடுவாக?"

"ஒருத்தரு படத்த விட்டாலும் சங்கம் ஒடஞ்சிரும்மா."

கடைசியில அந்தப் பட்டனத் தூக்கிட்டு, தலைவரு, செயலாளரு, பொருளாளரு, கௌரவ ஆலோசகருன்னு பிளெக்ஸ் போர்டு கணக்கா மூஞ்சியா அடுக்கியாச்சு. தங்கபாண்டி சம்பளத்துக்கு இருக்கறவனாம், அவன் நம்பரு எல்லாருக்கும் அடியில.

ஐப்பசி மழையில, அந்த ஊருகள்ல ஒண்ணுல இருக்கற குருவம்மாவோட மகளுக்குப் பிள்ளவலி கண்டுருச்சு. குருவம்மா போனத் தொறந்து மேல இருந்த மூஞ்சியில இருந்து ஒவ்வொண்ணா அமுக்கியிருக்கா. தலைவரு மதுரையில கல்யாணப் பந்தியில, எடுக்கல. செயலாளரு சுவிட்ச் ஆஃப். பொருளாளரு, "தலைவருட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்"னு வச்சுட்டாரு. தூ! பிள்ள லோடு ஆட்டோவுல, தார்ப்பாய்க்கு அடியில பெறந்துச்சு. அவுக ஊருக்குப் பிரியிற விலக்கு ரோட்டுலயே தங்கபாண்டி வண்டிய வச்சுக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருந்தான்.

தாயும் பிள்ளையும் பொழச்சது அந்தச் சாமி புண்ணியம். மறுநா குருவம்மா நேரா கடைக்கு வந்து, "படிச்ச பிள்ளதான நீயி? ஆத்திர அவசரத்துக்குத் தேடுற நம்பர இப்பிடியா ஒளிச்சு வைப்ப?"ன்னு பௌசியாவப் பிடிச்சுக்கிட்டா. இவ அழுதுட்டா.

"அவள ஏன் ஏசுற? ஒங்க ஊருப் பெரிய மனுசங்களப் போயிக் கேளு!"ன்னு நான்தான் கத்துனேன்.

சாயங்காலம் ஜெகதீஸ்வரன் தலையச் சொறிஞ்சுக்கிட்டு வந்தாரு. "என்ன வேணும்னாலும் மாத்திக்கம்மா. போட்டோவ மட்டும் எடுத்துராத."

எனக்கு வாயில வந்தத அடக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. பௌசியா மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு ஒக்காந்தா. படம், பேரு, பதவி, ஒண்ணையும் எடுக்கல. முடிச்சதும் போன அவருட்ட நீட்டுனா.

"ஒங்க படத்தத் தொட்டுப் பாருங்கண்ணே."

தொட்டாரு. ஸ்பீக்கருல தங்கபாண்டி கொரலு: "ஆம்புலன்ஸுங்க. எந்த ஊருக்கு வரணும்?"

பதறிப் போயிக் கட் பண்ணிட்டு, செயலாளரு மூஞ்சியத் தொட்டாரு. அதே கொரலு.

"இனிமே யாரு மூஞ்சியத் தொட்டாலும் வண்டிதாண்ணே வரும்"னா பௌசியா.

தலைவரு போனையே பாத்துக்கிட்டு நின்னாரு. உள்ள தங்கபாண்டி விடாமக் கேட்டுக்கிட்டே இருந்தான்: "கேக்குதுங்களா? யாருக்கு என்ன செய்யுது? சொல்லுங்க, கெளம்பிட்டேன்."