கழுத்தில் படிந்த கறுப்பு

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வீடு கருவடிக்குப்பத்தில். சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, இடப்பக்கம் திரும்புவதா வலப்பக்கமா என்று தெரியாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். எந்தப் பக்கம் போனாலும் கல்லூரி வந்துவிடும். வழி மறக்கவில்லை. ஏதாவது ஒன்று என்று முடிவு செய்யத்தான் முடியவில்லை. மனைவி வெளியே வந்து சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

"இன்னிக்கு லீவு சொல்லிடுங்க" என்றாள்.

அப்பா இறந்த பிறகு வந்த மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அழுகை நின்றிருந்தது. அது போன இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. ஒரு சட்டையை எடுத்துப் போடுவதே பெரிய வேலையாக இருந்தது. காலையில் சாப்பிடப் பிடிக்காது. பதினோரு மணிவாக்கில் கேன்டீனில் டீயும் இனிப்பு பன்னும். மதியம் சோறு உள்ளே போனதும் மேசையில் தலையைக் கவிழ்த்துத் தூங்கிவிடுவேன். இடுப்பு பெருத்தது மாத்திரையால்தான் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் மனைவியும் மனநல டாக்டரிடம் கூடவே வந்தாள். டாக்டர் என்னைவிட இளைய பெண். பேசிக்கொண்டே இருந்தவர் எழுந்து வந்து என் சட்டைக் காலருக்குப் பின்னால் பார்த்தார்.

"கழுத்துல இந்தக் கறுப்பு எப்போலேருந்து சார்?"

"வெயில்ல போறதால இருக்கும்னு நெனச்சேன்."

"வெயிலால வர்ற மாதிரி இல்ல. சர்க்கரைக் கோளாறுலயும் இப்படிக் கறுக்கும். ரத்த டெஸ்ட் பண்ணிடலாம்."

சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது. கொழுப்பும் கூடுதல். டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "சர்க்கரையை உடம்பு சரியா எடுத்துக்கலைன்னா, சில பேருக்கு மூளையும் மந்தமாகும். ஒரு வேலையைத் தொடங்கத் தோணாது. சின்ன முடிவுகூட மலையா தெரியும். மனசு சோர்ந்தா நடக்க மாட்டீங்க, சாப்பாடு தாறுமாறாகும், சர்க்கரை இன்னும் ஏறும். எது மொதல்ல வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ரெண்டையும் சேர்த்துதான் பார்க்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்ததும் மனைவியிடம் கேட்டேன், "அப்பா போனதுலேருந்து நான் பட்டதெல்லாம் பன்னு தின்னதாலயா?"

"அவங்க அப்படிச் சொல்லலியே. துக்கம் துக்கம்தான். அதைத் தூக்க உடம்புல தெம்பு வேணும்ல?"

மறுநாளிலிருந்து அவள் என்னை எதுவும் கேட்பதில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் நான் தவிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். காலையில் தட்டில் அவித்த முட்டையும் சுண்டலும் இருக்கும். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள், நானும் கிளம்புவேன். விமான நிலையச் சுவர் வரை போய்த் திரும்புவோம். எனக்கு நடப்பது பிடித்திருக்கவில்லை, மறுக்கவும் தெம்பில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. மனதுக்கான மாத்திரையோடு சர்க்கரைக்கும் ஒன்று சேர்ந்தது. மழைக்காலத்தில் நடை நின்றுபோய், பழையபடி சில வாரம் கட்டிலோடு கிடந்தேன். மழை விட்டதும் அவள் மறுபடி செருப்பை மாட்டினாள்.

முதலில் விட்டது மதியத் தூக்கம். பிறகு ஒருநாள் ஒரு மாணவி சந்தேகம் கேட்டாள். என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் சாக்பீஸோடு போர்டின் முன்னால் நின்றிருந்தேன். அன்று வகுப்பு முடிந்தும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்து.

அந்தக் கோடையில் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, துறைத் தலைவர் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"வேணாம் சார். லேபை மட்டும் பார்த்துக்கிறேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன் சார்."

வீட்டுக்கு வந்து, கேட்ட நிமிஷமே முடிவு சொல்லிவிட்டதை மனைவியிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"வருத்தமா இருக்கா?"

"இல்ல. பசிக்குது" என்றேன்.