செத்த ஆமைக்கும் விசாவோ?

1984 பெப்ரவரி 18, சனிக்கிழமை. விடியக் கிணற்றடிக் குளிப்பு, பிட்டும் சம்பலும், வானொலிச் செய்தி. பிறகு என் சனிக்கிழமை வேலை — பெட்டி அடுக்குதல்.

உங்களுக்குத்தான் தெரியுமே! வெளிநாடு போகிறவர்கள் பெட்டியை என்னிடம் கொண்டுவருவார்கள். நான் அடுக்கினால் மிளகாய்த்தூள் சிந்தாது, ஊறுகாய்ப் போத்தல் உடையாது, இருபது கிலோவுக்கு மேல் ஒரு கச்சான் கொட்டைகூட ஏறாது.

அன்று வந்தவள் ரெஜினா. குருநகர்ப் பிள்ளை, என் பழைய மாணவி. கலியாணம் முடிந்த கையோடு கணவன் கனடா போய்விட்டான். இப்போதுதான் இவளுக்கு விசா கிடைத்திருக்கிறது. ஞாயிறு இரவு ரயிலில் கொழும்பு, அங்கிருந்து விமானம். கூட வந்தவர் தகப்பன் சூசைப்பிள்ளை, கடற்தொழிலாளி.

கடைசியாகக் கூறைச்சேலையை வைத்தேன். அதற்குள் மருமகனுக்கான அன்பளிப்பு — தாம்பாளம் அளவில் அழுங்காமை என்கிற கடலாமையின் ஓடு. சூசைப்பிள்ளை தன் கையாலேயே தேய்த்து, வார்னிஷ் பூசி, கண்ணாடிபோல மினுக்கியிருந்தார். உடையக்கூடாதே என்று நானும் ஒரு துவாயைச் சுற்றினேன்.

அந்த நேரம் பார்த்து வந்தார் பக்கத்து வீட்டுச் சிவகுரு அண்ணை. கொழும்பில் சுங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஐயோ, முதல்லை உதை வெளியாலை எடும்!"

"ஏன் அண்ணை, நிறை கூடிப்போச்சோ?"

"நிறையோ! உது அழிஞ்சுகொண்டு போற உயிர். அனுமதிப்பத்திரம் இல்லாமல் கொண்டுபோகேலாது. இங்கை தப்பினாலும் கனடாவிலை பிடிப்பாங்கள். புருசனைப் பாக்கிறதுக்கு முந்திப் பிள்ளை பொலிசைப் பாக்கவேண்டி வரும்."

ரெஜினா பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். என் கை துவாயிலேயே நின்றுவிட்டது.

சூசைப்பிள்ளைக்குக் கோபம். "செத்த ஆமைக்கும் விசாவோ?"

"ஓம். செத்தாலும் ஓடானாலும் அதே சட்டம்தான்."

"வித்தால் சரி, சட்டம் கதையுங்கோ. இது மருமோனுக்குச் சும்மா குடுக்கிறது. நானே பிடிச்சு, நாங்களே கறியாக்கித் திண்டு..."

"மெல்லக் கதையும்! பிடிக்கிறதும் குற்றம், கறியாக்கிறதும் குற்றம், ஓட்டை வைச்சிருக்கிறதும் குற்றம். மூண்டையும் நீரே ஒத்துக்கொண்டிட்டீர்."

"அப்ப பெர்மிட் எடுப்பம். அரசாங்கக் கச்சேரியிலை எனக்கு ஆளிருக்கு."

"ஆரிருந்தாலும் உதுக்குத் தரமாட்டினம்."

எனக்கு அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. சைக்கிளுக்கு லைசென்ஸ், வானொலிக்கு லைசென்ஸ், நாய்க்கு லைசென்ஸ்... எல்லாம் ஒழுங்காக எடுக்கிற ஊர் இது. அதே ஊர்ச் சந்தையில் பட்டப்பகலில் ஆமை இறைச்சி விற்கிறார்கள், வாங்குகிறோம். யாராவது ஒரு நாள் வாய் திறந்து கேட்டோமா? பெட்டியின் நிறையைப் பார்க்கிற நானும் உள்ளே போவது என்னவென்று பார்க்கவில்லையே!

ஓட்டை எடுத்து மேசையில் வைத்தேன். யாரும் தொடவில்லை. வைத்திருப்பதே குற்றமாமே!

"அப்பா... நான் போய்ச் சேரவேணும்" என்றாள் ரெஜினா. அவ்வளவுதான்.

சூசைப்பிள்ளை ஓட்டைச் சாக்கில் போட்டுக்கொண்டார். வாசல் படலையடியில் நின்று, "எடுத்த கடலிலையே போட்டிடுறன்" என்றார். ஆமையிடமா சொன்னார், எங்களிடமா? தெரியவில்லை.

மறுநாள் விடிய, நான் தேநீர் குடிக்கும் முன்னரே படலையில் அவர். கையில் இன்னொரு பொதி.

"மருமோனிட்டைப் பிள்ளையை வெறுங்கையோடை அனுப்பேலாது மாஸ்டர். சத்தியமாய் ஆமையில்லை!"

நான் பொதியை அவிழ்க்கவில்லை. தராசையும் எடுக்கவில்லை. நேரே வேலியடிக்குப் போனேன்.

"சிவகுரு அண்ணை... ஒருக்கா வாங்கோ!"