மச்சான் பிடித்த கயிறு

என் லாரி ஆபீசில், நாற்காலிக்குப் பக்கத்து ஆணியில், ஒரு பழைய கயிறு தொங்குகிறது. ஒரு முனை கை பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருக்கிறது; மறுமுனையில் நாயின் பல் தடம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகி, ஒற்றை மாட்டுவண்டியில் தொடங்கி, இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பதினோரு லாரி விடுகிறவன் நான். எவனுக்கும் கை கட்டி நின்றதில்லை. ஒரே ஒருவர் முன்னால் நின்றிருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் கடற்கரையோரம் கன்னியர்கள் நடத்திய முதியோர் மடத்தின் தலைவி. எல்லாருக்கும் அவர் மதர்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. மடத்துக்கு விறகு ஏற்றிப் போவது என் வண்டிதான். அங்கே குளியாள் தாத்தா என்று ஒருவர் வந்து சேர்ந்தார். இருபது வருடம் முத்துக் குளித்தவர். ஆழத்துத் தண்ணீர் இரண்டு காதையும் கிழித்திருந்தது. காதோடு நிதானமும் போய், எழுந்தால் தலை சுற்றும். கூடவே ஒரு செவலை நாய். படுக்கையிலிருந்தபடி அதன் கழுத்துக் கயிற்றைச் சுண்டுவார். அது காலை ஊன்றி இழுக்கும். அந்தப் பிடிமானத்தில் எழுந்து நடப்பார். நாய்க்குப் பெயர் மச்சான். குளியாள் கடலில் இறங்கினால் தோணியில் நின்று கயிறு பிடிப்பவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பியாகத்தான் இருப்பான். மூச்சு முட்டிச் சுண்டினால் தூக்கிவிட வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியல்லவா, அவன் அசந்துபோக மாட்டான். அந்தக் கணக்கில் வைத்த பெயர்.

மனிதருக்கே அரிசி அளந்து கிடைத்த நாட்கள். "கெழடுகளுக்கே கஞ்சி காணல, நாய்க்கு எங்க போவேன்?" என்றார் மதர். நாயை அப்புறப்படுத்தும் வேலையை நான் வலியப் போய் ஏற்றுக்கொண்டேன். ஆலந்தலையில் ஒரு வலைக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, கயிற்றை மட்டும் கொண்டுவந்து தாத்தாவிடம் கொடுத்தேன். காரியத்தைக் கச்சிதமாக முடித்ததாக நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

அடுத்த தடவை விறகோடு போனபோது, ஐந்து நாளாகத் தாத்தா கட்டிலை விட்டு இறங்கவில்லை என்றார்கள். கஞ்சி ஆறிக் கிடந்தது. கைத்தாங்கலாகத் தூக்க வந்தவர்களையும் உதறினாராம். "கயிறு பிடிக்க ஆளில்லாம எறங்குனவன் எவனும் கரைக்கு வரல." அவர் பேச்சு அவ்வளவுதான். கையில் கயிற்றின் ஒரு முனை. மறுமுனை தரையில் கிடந்தது. "இன்னும் ரெண்டு நா தாங்காது" என்று சமையல்காரி என் காதில் சொன்னாள்.

மதர் வந்தார்; தரையில் கிடந்த முனையைப் பார்த்தார். பிறகு குனிந்து முனையை எடுத்து, கட்டிலுக்கு நேரே காலை ஊன்றி நின்றார். தாத்தா அவரை உற்றுப் பார்த்தார். மெல்லச் சுண்டினார். மதர் இழுத்தார். கிழவர் எழுந்துவிட்டார். கஞ்சிக் கலயம் வரைக்கும் நடந்து வந்து, பொக்கை வாயால் சிரித்தார்.

"மச்சான் எடத்துல நீங்க நின்னா எனக்குக் கொழுந்தியால்லா ஆவிய, மதர்."

கன்னியாஸ்திரியைப் பார்த்து இந்தப் பேச்சு. கூடத்தில் இருந்தவர்களெல்லாம் மதர் முகத்தைப் பார்த்தார்கள். மதர்தான் முதலில் சிரித்தார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் என்னிடம் சொன்னார்: "தப்பு எம்மேலதாம்லே. போயி மொறக்காரனையே கூட்டிட்டு வா."

"கஞ்சிக்கு, மதர்?"

"எம் பங்குல பாதி."

அப்போதே வண்டியைக் கட்டினேன். நாயோடு திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும், வேளாவேளைக்கு மதரே வந்து கயிறு பிடித்திருக்கிறார். எவ்வளவோ முதலாளிமாரைப் பார்த்துவிட்டேன், நானும் ஒரு முதலாளி. தப்பு என்மேல் என்று கூடத்தில் நின்று சொன்ன ஆள் வேறு எவரையும் நான் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

தாத்தா அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். கடைசிவரை மதரின் கலயத்தில் பாதி நாய்க்குப் போயிற்று. அவரை அடக்கம் செய்த அன்று மதர் கயிற்றை என் கையில் வைத்து, "நீதான கொண்டாந்த, நீயே வச்சுக்க" என்றார்.

முதியோர் இல்லத்தில் நாய், பூனை இருப்பது நல்லது என்று இப்போது டாக்டர்மார் சொல்கிறார்களாம். மதர் எந்த டாக்டரையும் கேட்கவில்லை. எனக்கும் எண்பது தாண்டிவிட்டது. நாற்காலியை விட்டு எழும்போது கை தானாக அந்தக் கயிற்றுக்குப் போகிறது. சுண்டிப் பார்க்கிறேன். ஆணிதான் அசைகிறது.