நான்கு கதவு கேட்டவனுக்கு ஐந்து கொக்கி

"எல்லாத்தையும் கட்டில்ல கொட்டுங்க சார். ஒண்ணு விடாம!" என்கிறார் அலமாரிக்காரர். அளவு நாடா இன்னும் அவர் சட்டைப் பையைவிட்டு வெளியே வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்குள் வாசல் பக்கத்துச் சுவரில் துளை போட்டு இரண்டு மரக்கொக்கிகளைத் திருகிவிட்டார். என் சுவர், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றில் தன் பையை மாட்டினார். மற்றது கூட வந்த மைத்துனருக்கு. மைத்துனரோ, மாட்ட மாட்டேன் என்று கருவிப்பையைத் தோளிலேயே தொங்கவிட்டபடி அறைக்கதவின் நிலையில் சாய்ந்து நிற்கிறார்.

நான் கேட்டது, தரையிலிருந்து கூரைவரை நான்கு கதவு வைத்த அலமாரி. கேட்டதும் சரியான ஆளிடம்தான். முப்பது வருடமாக எங்கள் பகுதியில் அலமாரி என்றால் இவர்தான். இவர் செய்ததில் ஒரு குடும்பத்தையே குடிவைக்கலாம் என்பார்கள். அளப்பதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் இவர் வேலை. அறுப்பதும் இழைப்பதும் மைத்துனர் வேலை. இருபது வருடமாக ஒரே பட்டறை, ஒரே டீ, பாதிப் பாதி.

எல்லாம் இரண்டு மாதம் முன்புவரை. மகளைப் பார்க்க இவர் வெளிநாடு போய்விட்டு வந்தார். அதைச் சொல்ல ஆரம்பித்தால் இரண்டு கையும் பத்தாது, எழுந்து நின்றுகொள்வார்.

"விமானத்துல இறங்கினா என் பெட்டியக் காணோம் சார்! அது எங்கெங்கயோ சுத்திட்டுப் பதினோரு நாள் கழிச்சு வந்துச்சு. என்னைவிட ரெண்டு நாடு கூடப் பாத்துடுச்சு!"

மகள் வீடு ஒரே ஓர் அறை. கதவருகே நான்கு கொக்கிகள். "அப்பா, இது உங்களோடது" என்று மகள் நான்காவதைக் காட்டியிருக்கிறாள். சுவரில் ஒரு சின்ன அலமாரி. தொழில் புத்தி சும்மா இருக்குமா? திறந்து பார்த்தார். பாதி காலி. பெண்ணைக் கஷ்டத்தில் தள்ளிவிட்டோமே என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாராம். மறுநாள் மகளும் மருமகனும் வேலைக்குப் போனதும், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு சுவரை அளந்தார். நாடா பெட்டியோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்ததால் சாண் கணக்கில். போவதற்குள் பெண்ணுக்கு ஓர் அலமாரி செய்து வைத்துவிடவேண்டும் என்று திட்டம்!

"சாயங்காலம் அவ வந்து பாத்துட்டுச் சிரிக்கிறா சார், அப்படிச் சிரிக்கிறா. 'வைக்கிறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமே இல்லப்பா. வாங்க, நடக்கப் போலாம்'ங்கறா. தினமும் ஏரியைச் சுத்தி நடக்கறாங்க. ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க! அங்க வச்சுத்தான் சொன்னா, 'நம்ம வீட்ல ஞாயித்துக்கிழமைன்னா அம்மா அலமாரியெல்லாம் தூசி தட்டினதுதான்பா எனக்கு ஞாபகம் இருக்கு'ன்னு."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறார்.

பெட்டி வந்தபோது நாடாவை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிட்டாராம். உள்ளே ஏழு சட்டை, ஒரு சுத்தியல். மகள் வீட்டுக்குச் சுத்தியல் எதற்கு என்று கேட்டேன். "அதான சார்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் தன் வீட்டு அலமாரிகளில் மூன்றைக் கழற்றினார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஐம்பது வயது மனைவி சைக்கிள் கற்றுக்கொள்கிறார். இவர் பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். நானே பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மிதி, மிதி, கீழ பாக்காதே!" என்று தெருவே அதிரக் கத்திக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

மைத்துனருக்குத்தான் சந்தோஷமில்லை. அலமாரி கேட்டு வந்த மூன்று பேரை இவர் கொக்கியோடு திருப்பி அனுப்பிவிட்டார். "சொந்தக் காசுல சூனியம் வைக்கறதுன்னா இதுதான் மாமா," என்று என் முன்னாலேயே சொல்கிறார். "இந்த வீடும் கொக்கியாப் போச்சுன்னா, நாளைக்கே நான் தனிப் பட்டறை போட்டுக்கறேன். சார்தான் சாட்சி."

ஒரு குடும்பத்தைப் பிரித்த பாவம் என் நான்கு கதவுக்கு வேண்டாம். "அலமாரியே போட்டுடுங்களேன்," என்றேன்.

"முதல்ல கொட்டுங்க சார்."

கொட்டினேன். கட்டில் நிறைந்து, நாற்காலி நிறைந்து, மேசையும் நிறைந்தது. மூன்று குவியல் போடச் சொன்னார்: இந்த மாதம் தொட்டது, இந்த வருடம் தொட்டது, எப்பவாவது உதவும் என்று வைத்தது. மூன்றாவதுதான் மலை. விரியாத குடை இரண்டு, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து, போன இடம் தெரியாத கைப்பேசியின் காலிப் பெட்டி. அதை மெதுவாக இரண்டாவது குவியலுக்குத் தள்ளினேன். பார்த்துவிட்டார்.

"எப்பவாவதுன்னு சொல்றீங்களே சார், அது என்ன கிழமைல வருது?"

மைத்துனர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை நான் கவனித்தேன்.

அந்த மலை போக மிஞ்சியது என் பழைய அலமாரியிலேயே அடங்கிவிட்டது. "ஏற்கெனவே ரெண்டு கொக்கி. இன்னும் மூணு போதும்," என்றார் அலமாரிக்காரர். சொல்லிவிட்டு மைத்துனரைப் பார்த்தார். குரலில் இருந்த துள்ளல் போய்விட்டது. "மாப்ள, ஞாயித்துக்கிழமை நீ என்ன பண்றே?"

"பட்டறைல துண்டுப் பலகையெல்லாம் அடுக்கி வைக்கறேன்."

"எத்தனை வருஷமா?"

மைத்துனரின் தோளில் பையின் வார் ஒருமுறை ஏறி இறங்கியது.

அலமாரிக்காரர் ஜன்னலடிக்குப் போனார். ஜன்னலை மறைத்துக்கொண்டு நான்கு கதவு நிற்கவேண்டிய இடம் வெறிச்சென்று, வெளிச்சமாக இருந்தது. குனிந்து, கையாலேயே காற்றில் ஒரு கோடு இழுத்தார். "இங்க ஒரு பெஞ்சு. சுவர் பூரா நீளம். சார் காலை நீட்டிப் படிக்கலாம், நாலு பேர் வந்தா உக்காரலாம். என்னால அளக்கத்தான் முடியும் மாப்ள. செய்ய உன் கை வேணும்."

மைத்துனர் நிலையைவிட்டு நகரவில்லை. ஜன்னலையே வெறித்தார். கடைசியில், யாரிடமோ சண்டை போடுவதுபோல, "ஒட்டுப்பலகை இதுக்கு ஆகாது," என்றார். "நடுவுல தொய்ஞ்சுடும். கெட்டி மரம் வேணும். ஆணி கூடாது, மரத்துலயே காடி வெட்டி இறக்கணும்."

"நீயே சொல்லு."

அளக்க வேண்டுமானால் இரண்டு கையும் வேண்டும். மைத்துனர் பையைத் தோளிலிருந்து இறக்கி, வைக்க இடம் தேடினார். கட்டிலில் என் குப்பை. நாற்காலியிலும் மேசையிலும் என் குப்பை. பிறகு வாசல் பக்கம் நடந்துபோய், காலியாக இருந்த கொக்கியில் பையை மாட்டிவிட்டு வந்து நாடாவுக்குக் கையை நீட்டினார்.

"நாடாவோட அந்த முனையைப் பிடிங்க மாமா."