சீனியின் வலது கால்

சீனியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய வலது காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாத கால். நடக்கும், மாடி ஏறும், அம்மன் கோவிலில் தீ மிதித்திருக்கிறது. ஆனாலும் வருடக்கணக்கில் அவர் அந்தக் காலுக்குப் பயந்து வாழ்ந்தார். பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பேய்க்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. சொந்தக் காலுக்குப் பயப்படுகிற மனிதரை எங்கே போய்ப் பார்ப்பது? மலேசியாவின் ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டுக்கு வாருங்கள், சுண்ணாம்பு மலையடியில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறார்.

பிறந்தது சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில். படிப்பு ஏறவில்லை, தோட்டத்து லோரியில் மூட்டை ஏற்றி இறக்கும் கெலிண்டானாக ஏறிக்கொண்டார். டிரைவர் வெற்றிலை போட இறங்கும் நேரமெல்லாம் ஸ்டியரிங்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே ஓட்டக் கற்றுக்கொண்டார். பிறகு தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பஸ். இருபது வருடத்துக்கு மேல் அந்த வளைவுகளில் ஏறி இறங்கியவர். சீனி ஓட்டினால் கையில் காப்பியோடு உட்காரலாம், ஒரு சொட்டு சிந்தாது என்று தாப்பா பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொள்வார்கள். அவரும் அதைக் காதில் விழாததுபோலக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

அந்தப் பேரெல்லாம் ஒரே மதியத்தில் போயிற்று. மலையிலிருந்து இறங்கும்போது, அருவியைத் தாண்டிய வளைவில், பஸ் நிற்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. சீனி மலைப் பக்கம் திருப்பி மோதினார். பஸ்ஸில் இருந்தவர்கள் காயத்தோடு தப்பினார்கள். முன் சீட்டில் இருந்த ஒருவர் மட்டும் தப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் மனைவி விமலாவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "நான் அமுக்குனேன் விமலா. பிடிக்கல."

"சரி, விடுங்க," என்று விமலா போர்வையை இழுத்துவிட்டாள்.

அந்தச் "சரி, விடுங்க"வுக்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமான யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். பஸ் முதலாளி, போன வாரம்தானே பிரேக் பார்த்தோம் என்றார். விசாரித்தவர்கள், வண்டியில் குறை இல்லை, டிரைவர் பிரேக்கைத் தாமதமாக மிதித்திருக்கிறார் என்றார்கள். லைசென்ஸை முடக்கினார்கள். ஊரும் நம்பவில்லை, வீடும் நம்பவில்லை. முதல் வருடம் சீனி தன்னை நம்பினார். இரண்டாவது வருடம் சந்தேகம் வந்தது. அதற்கப்புறம் அவரும் ஊரோடு சேர்ந்துகொண்டார். படுக்கையில் கிடக்கும்போது கட்டில் சட்டத்தை வலது காலால் அமுக்கிப் பார்ப்பார். நினைத்த உடனே அமுங்குகிறதா, நினைத்துக் கொஞ்சம் கழித்து அமுங்குகிறதா? தெரியவில்லை. தெரியாததுதான் பயமாக இருந்தது.

தாப்பாவில் முகம் காட்ட முடியாமல் மகள் ஷர்மினி வேலை செய்யும் ஈப்போவுக்குக் குடி வந்தார்கள். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, கிடைத்தது. வேலைக்கு எப்படிப் போவார்? விமலா மோட்டார் சைக்கிள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போவார். இருபது வருடம் பஸ் ஓட்டிய மனிதர், மடியில் சோற்றுப் பையை அணைத்துக்கொண்டு! அக்கம்பக்கத்தார் கிண்டலடித்துப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை என்றதும் விட்டுவிட்டார்கள்.

லைசென்ஸ் முடக்கம் முடிந்த மாதம் லியோனார்ட் வந்தார். கையுறை கிலாங்குக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, ஆட்களை ஏற்றிப்போகும் வேன்களை வைத்திருப்பவர். சீனியின் பழைய பயணி.

"அண்ணே, என் டிரைவர் மூணு மாசத்துல நின்னுருவான். நீங்க வாரீங்களா? உங்கள மாதிரி ஓட்ட ஆள் ஏது லா?"

சீனி வருகிறேன் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டாள் ஷர்மினி. தோழி ஒருத்தியின் தம்பி பயன்படுத்திப் போட்ட கம்ப்யூட்டர் விளையாட்டு ஸ்டியரிங் ஒன்றை, கால் மிதிகளோடு, வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தன்னுடைய பழைய லேப்டாப்பை டிவியோடு இணைத்தாள். இணையத்தின் வழியாக விளையாட்டை அனுப்பும் சேவை ஒன்றில் சந்தா கட்டினாள்.

"பெரிய கம்ப்யூட்டர் எதுவும் வாங்க வேணாம்பா. கேம் நம்ம வீட்டுல ஓடல. எங்கயோ இருக்கிற கம்ப்யூட்டர்ல ஓடுது, படம் மட்டும் லைன்ல வருது. நீங்க அமுக்குறது அங்க போயிட்டுத் திரும்பி வரும்."

"அது எங்க இருக்கு?"

"தெரியல. சிங்கப்பூரா இருக்கலாம்."

"கால் இங்க, பிரேக் சிங்கப்பூர்லயா?"

"ஐயோ அப்பா! கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துரும். ஓட்டிப் பாருங்க லா."

முதல் நாள் அந்த மிதியில் கால் வைக்கவே சீனிக்கு வேர்த்தது. டிவியில் ஏதோ வெள்ளைக்கார நாட்டுச் சாலை. யாருக்கும் ஒன்றும் ஆகாத பொம்மை லோரி. அதற்கே பாதியில் எழுந்துவிட்டார். அடுத்த நாள் கொஞ்சம் ஓட்டினார். ஒரு மாதத்தில் மலை ஏறினார், இறங்கினார், பஸ் ஓட்டினார். அமுக்கினால் நின்றது! ஒவ்வொரு முறையும் நின்றது. கட்டில் சட்டத்தை அமுக்கிப் பார்ப்பதை விட்டார். சாப்பிடும்போது பேசத் தொடங்கினார். நூறு டாக்டர் செய்யாததை ஒரு வயர் செய்துவிட்டதே என்று விமலா சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதாள்.

தொல்லைகளும் இல்லாமல் இல்லை. சில நாள், கூட்டம் அதிகம், வரிசையில் நில்லுங்கள் என்று திரை சொல்லும். வீட்டுக்குள்ளேயே வரிசையா என்று சீனி முணுமுணுப்பார். அவர் பழகிய முதல் லோரி விளையாட்டை, ஒரு காலையில் எழுந்து பார்த்தால், பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். யாரிடம் போய்க் கேட்பது? ஒரு முறை பாதி வழியில் லைன் அறுந்து மொத்தப் பயணமும் அழிந்தது. அன்று இரவு அவர் திரும்பவும் கட்டில் சட்டத்தை அமுக்கிப் பார்த்தார். அதிலிருந்து, அவர் ஓட்டும்போது எதுவும் அறுந்துவிடக் கூடாது என்பது அந்த வீட்டில் சட்டம் மாதிரி ஆயிற்று.

லியோனார்டின் வேனை எடுக்க வேண்டிய திங்கட்கிழமை நெருங்கியது. அதற்கு முந்திய சனிக்கிழமை மாலை சீனி மலையிறக்கத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வெளியே கறுத்தது. சுண்ணாம்பு மலையில் இடி மோதித் திரும்பியது. இடி கேட்டால் நிலைக்கண்ணாடியில் துண்டைப் போர்த்துவது தோட்டத்துப் பழக்கம். மின்னல் தாக்கி மோடம் கருகாமல் இருக்க வயரைப் பிடுங்குவது இந்தக் காலத்துப் பழக்கம். விமலா இரண்டையும் தவறாமல் செய்பவள். அவள் துண்டை எடுக்கிற சத்தமும், முதுகுக்குப் பின்னால் அம்மாவும் மகளும் கிசுகிசுப்பதும் சீனியின் காதில் விழுந்தன. படம் ஒரு கணம் சுழன்று மீண்டும் வந்தது. அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஷர்மினி காய்ந்த துணியை எடுக்கப் பின்கட்டுக்கு ஓடினாள்.

வளைவு வந்தது. சீனி அமுக்கினார். பஸ் நிற்கவில்லை. மறுபடி ஓங்கி அமுக்கினார். பஸ் தன்பாட்டுக்குப் போய் வேலியை உடைத்துப் பள்ளத்தில் பாய்ந்தது. எல்லாம் முடிந்த பிறகு, வேண்டுமென்றே கேலி செய்வதுபோல, பிரேக் விளக்கு எரிந்தது.

அதே வளைவு, அதே இறக்கம், அதே கால். முன் சீட்டுக்காரரின் சட்டை நிறம்கூட ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை மாதம் ஏமாந்திருக்கிறோம், கால் சமயம் பார்த்துக் காத்திருந்திருக்கிறது என்று நினைத்தார். வேன் நிறைய ஆட்கள் இருப்பார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஸ்டியரிங்கைக் கழற்றித் துணி போட்டு மூடினார்.

மறுநாள் காலை போனை எடுத்தார். "லியோனார்ட், மன்னிச்சுக்கோ. என்னால முடியாது. வேற ஆளப் பாரு."

"அண்ணே! கடைசி நேரத்துல இப்படிச் சொன்னா எப்படி? சாயங்காலம் வரைக்கும் யோசிங்க. அதுக்கப்புறந்தான் வேற ஆளக் கேப்பேன்."

விமலா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "என்ன ஆச்சுங்க? நல்லாத்தானே இருந்தீங்க?"

"கால் செத்துப்போச்சு விமலா," என்றார் சீனி. "நேத்து அமுக்கச் சொன்னேன், அமுக்கல. பஸ் பள்ளத்துல போயிருச்சு. மலைலயும் இதான் நடந்திருக்கு. அந்த மனுசன நான்தான் கொன்னுட்டேன்."

ஷர்மினி வாயைப் பொத்திக்கொண்டாள். "நேத்து எப்பப்பா? இடி இடிச்சப்பவா?"

"ஆமா."

"அலாமாக்! அப்பா, அது கால் இல்லப்பா! அம்மா மோடம் வயரப் புடுங்கிட்டாங்க. உங்க டிரிப் அறுந்துரக் கூடாதுன்னு நான் என் போன் லைன்ல மாத்தி விட்டேன். மழைல போன் லைன் இழுக்கும். நீங்க அமுக்கிட்டீங்க, அது அங்க போய்ச் சேர லேட்டு. லேக்குப்பா!"

சீனி அவளைப் பார்த்தார். பெற்ற பெண் ஆறுதலுக்குச் சொல்கிற பொய் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். "சரி, விடு," என்றார்.

"அப்பா, நெசமாப்பா. வாங்க, மறுபடி ஓட்டிக் காட்டுங்க."

"நான் மாட்டேன். இந்தக் காலை நம்பி ஒண்ணும் பாக்க முடியாது." ஸ்டியரிங்மேல் போட்டிருந்த துணியை உருவினார். பிறகு சொன்னார்: "அம்மாவ உக்கார வை. அவ கால் நல்ல கால்."

விமலா, எனக்கு இதெல்லாம் வராது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தினமும் மோட்டாரில் புருஷனையே ஏற்றிப்போகிறவளுக்குப் பொம்மை பஸ்ஸா வராது? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் வீட்டு லைனில் ஓட்டினாள். ஆடி ஆடிப் போனாலும் அமுக்கிய இடத்தில் பஸ் நின்றது. அட, சுலபம்தானே என்று சிரிக்கக்கூடச் செய்தாள்.

"இப்ப வயரப் புடுங்கு," என்றார் சீனி.

ஷர்மினி மோடத்தை அணைத்து, போன் லைனுக்கு மாற்றினாள். நேற்றைப்போல மழை இல்லையே, லைன் இழுக்காவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கே பயம். போனைத் துணிகளுக்கு நடுவே அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். சீனி டிவியைப் பார்க்கவில்லை. விமலாவின் பாதத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலையே கண் இமைக்காமல் பார்த்தார்.

பஸ் இறங்கியது. வேகம் ஏறியது. வளைவு தெரிந்தது. விமலாவின் கால் அமுக்கியதை சீனி பார்த்தார். மிதி தரைவரைக்கும் போனதைப் பார்த்தார். தலைக்கு மேலே எஞ்சின் சத்தம் குறையவில்லை. விமலா எழுந்து நின்று மிதித்தாள். வேலி உடைகிற சத்தம் கேட்டது.

"நான் அமுக்குனேங்க!" விமலா அலறினாள். "சாமி சத்தியமா அமுக்குனேன்! பிடிக்கலைங்க! நான் அமு..."

பாதியில் நின்றாள். தன் வாயிலிருந்து வந்தது யாருடைய வார்த்தை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை அப்படியே இருந்தது. சீனியைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

சரி, விடு என்று சீனி சொல்லியிருக்கலாம். சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் தரையிலிருந்து கையூன்றி எழுந்தார்.

"நான் பாத்தேன்," என்றார். "நீ அமுக்குன. நான் நம்புறேன் விமலா."

அவள் விம்மி விம்மி அழுதாள். அவர் போனை எடுத்து லியோனார்டைக் கூப்பிட்டார்.

பயம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்கு மலையில் நடந்தது பிரேக்கா காலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கால் சரியாக இருந்தும் வண்டி நிற்காமல் போகலாம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்ட மனிதருக்கு எப்படித் தூக்கம் வரும்? திங்கட்கிழமை விடிவதற்குள், லியோனார்ட் கொண்டுவந்து விட்டிருந்த வேன் பக்கத்தில் போய் நின்றார். எஞ்சினைப் போட்டு, நின்ற இடத்திலேயே பிரேக்கை அமுக்கினார். விட்டார். திரும்ப அமுக்கினார். வாசலில் முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்திப் பார்த்தார்.

முன் கதவு திறந்தது. விமலா ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எங்க வார? உனக்கா கிலாங் வேலை?"

"சும்மா, கிலாங் கேட் வரைக்கும்."

"அப்படின்னா பின்னால உக்காரு." சீனி பின் கதவைக் காட்டினார். "முன் சீட்டு வேணாம் விமலா. சொன்னாக் கேளு."

விமலா பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்கயே உக்காந்துக்கிறேன்," என்றாள். "நீங்க ஓட்டுங்க."