பங்கு போட்ட மாத்திரை

உடன் தங்கியிருந்த மூன்று பெண்களும் அவளை மகராசி என்றுதான் சொல்வார்கள். கையில் இருப்பதைக் கொடுக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்த மாடியறையில் சீப்பு, சோப்பு, செருப்பு எல்லாம் பொது. பகலில் நால்வரும் தையல் கம்பெனியில் பிசிறு வெட்டுவார்கள். இருட்டியபின், ஊர் கண்டும் காணாததுபோல் இருக்கும் அந்தத் தொழிலுக்குப் போவார்கள்.

எச்ஐவி வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் துணிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கும் ஆசைதான், கால் எழவில்லை. நோய் வந்தவர்கள் மருந்து வாங்கும் அதே வராந்தாவில்தான் இதையும் கொடுத்தார்கள்.

"அங்க நின்னாலே நோய்க்காரின்னு முத்திரை குத்திடுவாங்கக்கா. அப்புறம் எவன் வருவான்? வீட்டுக்காரம்மா நம்ம சாமானைத் தூக்கித் தெருவுல போட்டுடும்" என்றாள் சின்னவள்.

பயம் நியாயமானதுதான். வராமல் தடுக்க வாங்குகிறாளா, வந்ததற்கு வாங்குகிறாளா என்று ஊர் வாய் நின்று விசாரிக்குமா?

"நீங்க ஏண்டி அலையணும்? நான்தான் வாங்குறேனே" என்று மகராசி டப்பாவைப் பொதுவில் வைத்துவிட்டாள். தலைவலி மாத்திரை மாதிரி, அன்றைக்கு யாருக்குப் பயமோ அவள் எடுத்துப் போட்டுக்கொள்வாள். தன் பங்கையும் பல நாள் சின்னவளுக்கே தள்ளிவிடுவாள் மகராசி. ஒருவரே தினமும் தவறாமல் போட்டால்தான் அது காக்கும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னது காதில் ஏறவே இல்லை. நினைத்தால் கோபம் வருகிறது, கூடவே அழுகையும் வருகிறது.

அடுத்த டப்பா வாங்கப் போனபோது வழக்கம்போல ரத்தம் எடுத்தார்கள். முடிவைப் பார்த்த நர்ஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"தினமும் போட்டியாம்மா?"

"நாலு பேருக்கும் வர்ற மாதிரி போட்டுக்கிட்டோம் சிஸ்டர்."

"அது என்ன பங்கு வைக்கிற பண்டமா?" நர்ஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் அருகில் உட்கார்ந்தாள். "உனக்குத் தொற்று வந்திருக்கு. இனி வேற மருந்து. விடாம சாப்பிட்டா நல்லா இருக்கலாம்."

அறைக்கு வந்த மகராசி ஒப்பாரி வைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. "எனக்கு வந்துடுச்சுடி. நாளைக்கு மூணு பேரும் என்கூட வரணும். வரலேன்னா என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க" என்றாள்.

முகத்தை மூடிக்கொண்டு மூவரும் போனார்கள். மூவருக்கும் ஒன்றுமில்லை என்று பரிசோதனையில் வந்தது. ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். சின்னவள் திரும்பிப் பார்த்தாள். நோய் வந்தவர்களின் வரிசையில் மகராசி தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

சின்னவள் முகத்துணியை அவிழ்த்தாள். நேராகப் போய் அவளை ஒட்டி நின்றாள்.

"இது உன் வரிசை இல்லடி."

"தெரியும்க்கா" என்றாள் சின்னவள், நகராமல்.