தீபத்தை மறைத்த முதுகு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். படித்தது பத்தாவது வரைதான். அடுத்தவர் எழுதிக் கொடுப்பதை வாசித்துத்தான் பழக்கம். என்னைப் பற்றி நானே எழுதினால் தற்பெருமையாகிவிடுமோ என்ற பயம் வேறு. ஆனால் ஊரில் இந்தக் கதை இப்போது வேறு மாதிரி சுற்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

திருவண்ணாமலையில் ஒரு லோக்கல் கேபிள் டிவியில் செய்தி வாசிப்பவன் நான். எங்கே கரண்ட் கட், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது, பௌர்ணமிக்கு பஸ் எங்கிருந்து புறப்படும், இவைதான் எங்கள் செய்தி. மார்க்கெட்டுக்குப் போனால், "நியூஸ்காரரே, நாளைக்குத் தண்ணி வருமா?" என்பார்கள். மனசு குளிர்ந்துபோகும். குடும்பமும் அந்த வேலையில்தான் நடந்தது.

கார்த்திகை தீபத்தன்று ஒரு மொட்டைமாடியில் கேமராவை மலைக்கு நேராக வைத்து நேரடியாக ஒளிபரப்புவோம். கூட்டத்துக்குள் வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்வார்கள். நான் கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தீபம் ஏறும் நேரத்தில் விலகிக்கொள்ள வேண்டும். ஒரு வருஷம் ஊரே ஒரே குரலில் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றதும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு அப்படியே மலைப்பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டு நின்றுவிட்டேன். "அண்ணே, தள்ளுங்க" என்று கேமராக்காரர் கத்தியது காதில் விழவேயில்லை.

டிவியில் தெரிந்தது என் முதுகு மட்டும்தான்.

"யோவ், ஜனங்க தீபம் பாக்க ஒக்காந்தா ஒன் முதுக காட்டுறியா? நாளைலேர்ந்து வராத" என்றார் முதலாளி. அவர் கோபம் நியாயம்தான்.

"வருஷமெல்லாம் மூஞ்ச காட்டி சேத்த பேர, ஒரு நிமிஷம் முதுக காட்டிக் கெடுத்துக்கினீங்களே" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு அழுதாள்.

வேங்கிக்காலில் ஒரு மோட்டார் பம்பு கடையில் சேர்ந்தேன். வருகிறவர்கள், "சார், டிவில முதுகு காட்டுனவரு நீங்கதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் பம்பு விலையே கேட்பார்கள். வீட்டில் சாயந்திரச் செய்தி நேரத்தில் டிவியை அணைத்துவிடுவேன். அவ்வளவு ஏக்கம்.

அடுத்த வருஷம் என் இடத்தில் ஒரு பெண் பேசினாள். தீபம் முடிந்த மறுநாள் முதலாளியின் வீட்டம்மா போன் செய்தார்கள். மூட்டு வலியால் நடக்க முடியாதவர்கள். எப்போதும் டிவியில்தான் தீபம் பார்ப்பவர்கள்.

"அண்ணே, இந்த வாட்டி தீபம் நல்லாதான் தெரிஞ்சிது. ஆனா அந்தப் பொண்ணு பேசிக்கினே இருக்குது, நான் எங்க கும்புடறது? நீங்க திரும்பி நின்னப்ப, தீபம் தெரியலன்னாலும் கூட்டத்துல உங்க பின்னால நின்னு கும்புடற மாதிரி இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

அன்றைக்கே முதலாளி கூப்பிட்டார். "வாய்யா. திரும்பறதா இருந்தா ஓரமா நின்னு திரும்பு."

அந்தப் பெண் காலைச் செய்திக்கு மாறினாள். நான் சாயந்திரத்துக்குத் திரும்பினேன். அதிலிருந்து தீபம் ஏறும்போது எங்கள் டிவியில் யாரும் பேசுவதில்லை. மலையும் அரோகராவும் மட்டும்தான். நான் ஓரமாக நின்று நிம்மதியாகக் கும்பிடுகிறேன். அண்ணாமலையார் கொடுத்தது போதும். அந்த அம்மா நன்றாயிருக்க வேண்டும்.

இப்போது சிலர், என் முதுகில் ஜோதி தெரிந்தது என்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. தெரிந்தது வியர்வையில் நனைந்த சட்டை. நீங்கள் யாரிடமாவது சொன்னால், நான் தீபத்தை மறைத்தேன், ஒரு அம்மா மன்னித்துக் கூப்பிட வைத்தார் என்று, நடந்தபடியே சொல்லுங்கள்.